விடியற்காலைத் தலைவலி, வாந்தி: பிள்ளைகளுக்கு மூளை அழுத்தம் கூடியதைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

குலசேகரம் அம்மா:
மூளை அழுத்தம் கூடினால் பிள்ளைகளுக்குப் பல நேரம் வயிற்றுக் கோளாறு மாதிரிதான் தெரியும். நம் மாவட்டத்துத் தாய்மார்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. எழுந்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு அழுவாள். கொஞ்ச நேரத்தில், ஓங்கரிப்பே இல்லாமல், சட்டென்று வாந்தி. அதோடு தெளிந்துவிடுவாள். அவள் அப்பா விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விடுவார். அவர் திரும்பும்போது பிள்ளை ஓடியாடிக்கொண்டிருக்கும். நான் சொல்வதை அவரே பாதிதான் நம்பினார். ஒரு ஆஸ்பத்திரியில் அல்சர் என்று சிரப் கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில் பள்ளிக்கூடம் போகப் பயம் என்றார்கள். லீவு நாளிலும் வருகிறதே என்று கேட்டேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம் டிவி பார்க்கும்போது தலையை ஒரு பக்கம் சாய்க்க ஆரம்பித்தாள். நடக்கும்போது தோள் கதவு நிலையில் இடிக்கும். ஒரு நாள் பாயில் படுத்தபடி, “அம்மா, ரெண்டு ஃபேன் சுத்துது” என்றாள். வீட்டில் இருப்பது ஒரே ஃபேன்.

கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்று நாகர்கோவிலில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் சொட்டு மருந்து விட்டுக் காத்திருந்து, கருவி வழியாக வலது கண்ணைப் பார்த்தார், இடதைப் பார்த்தார், மறுபடியும் வலதுக்கு வந்தார். கண்ணுக்குப் பின்னால் நரம்பு சேரும் வட்டம் வீங்கி, அதன் விளிம்பே தெரியவில்லையாம். “இது கண்ணில் உள்ள நோய் இல்லம்மா, தலைக்குள் அழுத்தம். இன்றைக்கே ஸ்கேன் எடுங்கள்” என்றார்.

சிறுமூளையில் கட்டி. அது மூளைக்குள்ளும் சுற்றியும் ஓடும் மூளைநீர் வடியும் பாதையை அடைத்து, மேலே நீர் தேங்கிவிட்டது. திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் செய்தார்கள். நல்ல வேளையாக அது புற்றுநோய்க் கட்டி இல்லை. பிள்ளை இப்போது ஆறாம் வகுப்பு. அந்தக் கண் டாக்டரை நினைக்காமல் நான் தூங்கப் போவதில்லை.

குளச்சல்காரன்:
அக்கா, எங்களுக்குக் கைக்குழந்தையில் வந்தது. தடுப்பூசி போடப் போன இடத்தில் சுகாதார நர்ஸ் டேப்பால் தலையைச் சுற்றி அளந்து, வளர்ச்சிக் கோடுகள் போட்ட அட்டையில் புள்ளி வைப்பார். பிறக்கும்போது தலைச்சுற்றளவு சுமார் 35 செ.மீ. இருக்கும், முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 2 செ.மீ. வரை கூடும். எங்கள் பையனுடைய புள்ளிகள் கோடு கோடாகத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தன. “எங்க குடும்பத்துல எல்லாருக்கும் பெரிய தலைதான்” என்று அம்மா சொன்னார்கள். நர்ஸ் விடவில்லை. பிள்ளையை உட்கார்த்தி வைத்து, அழாமல் இருக்கும்போது உச்சிக்குழியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பள்ளமாகவோ மட்டமாகவோ இருக்க வேண்டியது, விம்மிக்கொண்டு நின்றது. கண்கள் கீழே இறங்கி, கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிந்தது.

தலைக்குள் தேங்கிய மூளைநீரை வயிற்றுக்கு வடிக்க ஷண்ட் வைத்தார்கள். காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு சின்ன வால்வு, அங்கிருந்து வயிறு வரை குழாய். பையன் வளர வளர எட்டட்டும் என்று வயிற்றுக்குள் கூடுதல் நீளம் விட்டிருக்கிறார்கள். அந்தக் குழாய் ஒரு தடவை அடைத்துக்கொண்டது. தூக்கமும் வாந்தியுமாகக் கிடந்தான். இதுபோன்ற பிள்ளைக்கு வாந்தியோ காய்ச்சலோ வந்தால் முதலில் ஷண்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஆபரேஷன் சீட்டைப் பையில் வைக்காமல் நாங்கள் எங்கேயும் போவதில்லை.

வெட்டூர்ணிமடம் நர்ஸ்:
குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன். ஏன் காலையில் என்று பலர் கேட்பார்கள். படுத்திருந்தால் தலையிலிருந்து ரத்தம் வடிவது குறையும். தூங்கும்போது மூச்சு மெதுவாகி, ரத்தத்தில் கரியமில வாயு கொஞ்சம் கூடி, மூளை ரத்தக்குழாய்கள் விரியும். மண்டை ஓடு விரிந்து கொடுக்காதே! ஏற்கெனவே இடமில்லாத இடத்தில் அந்தக் கொஞ்சமே வலியாகிவிடும். கைக்குழந்தைக்கு எலும்புகள் இன்னும் ஒட்டாததால் தலை பெரிதாகி இடம் கொடுக்கிறது, அதனால்தான் அங்கே டேப் முக்கியம்.

ஒற்றைத் தலைவலி காலையிலும் வரும், அதனால் எல்லாத் தலைவலிக்கும் பயப்பட வேண்டாம். ஆனால் வலியோடு இரட்டைப் பார்வை, புதிதாக வந்த மாறுகண், நடையில் தள்ளாட்டம் என்று ஏதாவது சேர்ந்தால் “கண்ணுக்குள் கருவி வழியாக நரம்பைப் பாருங்கள்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். எழுப்பினால் எழாத மயக்கம், வலிப்பு என்றால் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு, ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிட்டு.

மார்த்தாண்டம் சித்தி:
ஸ்கேனில் கட்டி இல்லை என்றதும் நிம்மதியாகி விடாதீர்கள். என் அக்கா மகளுக்குப் பதினாலு வயது, உடம்பு கொஞ்சம் கூடுதல், முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். காதுக்குள் நாடித்துடிப்போடு ‘உஸ் உஸ்’ என்று சத்தம், குனிந்தால் பார்வை ஒரு நொடி மங்கும். ஸ்கேன் நார்மல், ஆனால் கண் நரம்பு வீக்கம். ஸ்கேன் பார்த்த பிறகுதான் முதுகில் ஊசி போட்டு மூளைநீரின் அழுத்தத்தை அளந்தார்கள், கூடுதலாக இருந்தது. அழுத்தத்தைக் கூட்டக்கூடியது என்று அந்த முகப்பரு மாத்திரையை நிறுத்தி, அழுத்தம் குறைய அசிட்டசோலமைடு கொடுத்து, எடையும் குறைக்கச் சொன்னார்கள். கவனிக்காமல் விட்டால் பார்வையே போயிருக்கும் என்றார்கள். சுற்றிலும் எவ்வளவு தூரம் கண் தெரிகிறது என்று பார்க்கும் பார்வைப்புலச் சோதனைக்கு இன்னும் தவறாமல் போய் வருகிறாள்.

குலசேகரம் அம்மா:
நர்ஸ் அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் எரியும், பிள்ளை அழும், சில மணி நேரம் பக்கத்தில் உள்ளது மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போங்கள், ஒரு தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்.