கலைச்சொல் உதவி: போக்கர் போட்டியில் 'பபிள்' (வெள்ளிக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர் க.:

அனைவருக்கும் வணக்கம். நிகழ்தகவுப் பாடநூல் ஒன்றின் போக்கர் இயல் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. சில்லு, கட்டாயப் பந்தயம், சீட்டைக் கவிழ்த்தல், முழுவதும் வைத்தல் என்று மற்றவை முடிந்துவிட்டன. 'பபிள்' மட்டும் நிற்கிறது; பரிசு இடங்களைவிட ஒரே ஒருவர் கூடுதலாக மிஞ்சியிருக்கும் கட்டம் அது.

புதிர் இதுதான். நான்கு பேர் மிச்சம், ஆளுக்கு 2,500 சில்லு. பரிசு மூவருக்குத்தான்: 50, 30, 20 டாலர். ஒருவர் முழுவதையும் வைக்கிறார், இருவர் கவிழ்த்துவிட்டார்கள். நீங்களும் முழுவதையும் வைத்து ஏற்பதா, கவிழ்த்து விடுவதா? கட்டாயப் பந்தயத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

விட்டால் உங்கள் பங்கின் மதிப்பு 25 டாலர். ஏற்றுத் தோற்றால் சுழியம். வென்றால் கையில் 5,000 சில்லு. சில்லு விகிதத்தை வைத்து இடங்களைக் கணிக்கும் சூத்திரப்படி முதலிடத்துக்கு 1/2, இரண்டாமிடத்துக்கு 1/3, மூன்றாமிடத்துக்கு 1/6 வாய்ப்பு. 25 + 10 + 3.33 = 38.33 டாலர். ஆகவே வெல்லும் வாய்ப்பு 25 ÷ 38.33, அதாவது 65.2 விழுக்காடு இருந்தால்தான் ஏற்கலாம். சில்லை மட்டும் எண்ணினால் 50 போதும். இந்த இடைவெளியை உண்டாக்கும் கட்டத்துக்குத்தான் பெயர் வேண்டும். பரிசுக்கு ஒரு படி முன்னால் வெளியேறுபவரைச் சொல்லவும், அந்தக் கட்டம் முடிவதைச் சொல்லவும் அதே சொல் இடம்தர வேண்டும்.

பேராசிரியர் ந.:

குறளிலேயே வழி இருக்கிறது. 'உருளாயம் ஓவாது கூறின் பொருளாயம் போஒய்ப் புறமே படும்' (933). சூதில் வருவதும் ஆயம், வருவாயும் ஆயம். ஆயத்தீர்வையில் இன்றும் அந்தச் சொல் வாழ்கிறது. பிள்ளைகள் உருட்டும் தாயமும் இதன் வழி வந்தது என்பதே என் துணிபு. பரிசுப்பணம் ஆயம் என்றால் அதன் ஓரம் 'ஆயவிளிம்பு'. வெளியேறுபவர் 'விளிம்பர்'. ஆங்கில உருவகத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

புள்ளியியல் ஆசிரியை ம.:

ஐயா, குறள் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மாணவர்களுக்கு 'ஆய' என்றதும் ஆயத்தொலைவுதான் நினைவுக்கு வரும். 'ஆயவிளிம்பு' என்றால் வரைபடத்தாளின் ஓரத்தைத் தேடுவார்கள். தாயம், தாயாதி, தாயபாகம் எல்லாம் பங்கு என்ற பொருளில் ஒரே குடும்பம். அதை ஆயத்தோடு இணைக்க இன்னும் சான்று வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து சி.:

'வரம்பு' என்று வைத்தால் என்ன? வயல்வரம்பு எல்லோருக்கும் விளங்கும். ஒரு எட்டு வைத்தால் அடுத்த வயல். சங்கப் பாட்டிலும் இந்தப் பொருள் உண்டு, நாங்கள் இப்போதும் அப்படித்தான் கதைக்கிறோம். தமிழ்நாட்டில் 'வரப்பு' என்பீர்கள். வெளியேறுபவர் 'வரம்பில் விழுந்தவர்'.

ம.:

அழகான சொல். ஆனால் இதே நூலின் மூன்றாம் இயலில் மேல்வரம்பு, கீழ்வரம்பு வருகின்றன. ஒரு நூலில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் கூடாது.

ஆட்டக் கணக்கு தெரிந்த த.:

சொல்லைத் தேடுமுன் கருத்தைச் சரிபார்ப்போம். வரைவில் 'பபிள் கட்டத்தில் அனைவரும் அடக்கி ஆடுவர்' என்று இருக்கிறது. அது தவறு, திருத்திவிடுங்கள். அதிகச் சில்லு வைத்திருப்பவர் அப்போதுதான் அடித்து ஆடுவார், ஏனென்றால் மற்றவர்களால் ஏற்க முடியாது. நசுங்குவது நடுத்தரச் சில்லுக்காரர். தன்னைவிடக் குறைவாக வைத்திருப்பவர் முதலில் போகட்டும் என்று அவர் காத்திருந்தாக வேண்டும். மேலே உள்ள புதிரில், எதிராளி எந்த இரண்டு சீட்டுக்கும் முழுவதையும் வைப்பவராகவே இருந்தாலும், வேறு வேறு சின்னத்து ஏஸ்–கிங் ஏறத்தாழ 65 விழுக்காடுதான் வெல்லும். எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. அவர் கொஞ்சம் தேர்ந்து வைப்பவர் என்றால் கவிழ்க்க வேண்டியதுதான்.

'பரிசு', 'ஆயம்' எதுவும் சொல்லுக்குள் வரவே கூடாது என்பேன். 2003 உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி லாஸ் வேகாஸில் நடந்தது. 839 பேர் ஆடினார்கள், 63 இடங்களுக்குப் பரிசு. பத்துப் பேர் மிஞ்சியபோது எல்லோரும் பரிசு வட்டத்துக்குள் வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஆனாலும் இறுதி மேசைக்கு ஒன்பது இருக்கைதான் என்பதால் அதையும் பபிள் என்றே சொல்கிறார்கள். அங்கே ஃபில் ஐவியிடம் 9–9, கிறிஸ் மனிமேக்கரிடம் ஏஸ்–குயின். மேசையில் இருவருக்கும் பொதுவாகக் குயின், குயின், 6, பிறகு 9. ஐவிக்கு ஃபுல் ஹவுஸ் (ஒரே மதிப்பில் மூன்று, இன்னொரு மதிப்பில் இரண்டு); மனிமேக்கருக்கு மூன்று குயின்தான். மனிமேக்கருக்குக் கைகொடுக்கக்கூடிய சீட்டு ஏழு: மூன்று ஏஸ், மூன்று 6, ஒரு குயின். தெரியாத 44 சீட்டில் ஏழு, 16 விழுக்காடு. கடைசிச் சீட்டு ஏஸ். ஐவி பத்தாமிடத்தோடு வெளியேறினார், மனிமேக்கர் 25 லட்சம் டாலரோடு பட்டம் வென்றார்.

அவர் நுழைந்ததே இணையத் துணைப்போட்டி வழியாகத்தான்; பெரிய போட்டியில் ஓர் இருக்கைதான் அதில் பரிசு. அத்தகைய போட்டிகளில் பெரும்பாலும் இடத்துக்கு இடம் பரிசு மாறாது, எல்லா இருக்கையும் ஒரே மதிப்பு. நான்கு பேர், மூன்று இருக்கை, சமமான சில்லு என்று வையுங்கள். கவிழ்த்தால் முக்கால் இருக்கை, வென்றால் ஒரு இருக்கை. ஏற்க 75 விழுக்காடு வேண்டும்! இதையும் அந்தச் சொல் தாங்க வேண்டும். 'குமிழி' தாங்கும்.

ந.:

குமிழி நிலையாமைக்கு உரியது. 'நீரில் குமிழி இளமை' என்றார் குமரகுருபரர். பாதக்குறட்டில் இருப்பதும் குமிழ், மூக்குக்கு உவமையாகும் பூவும் குமிழ். குவிந்து திரள்வதே வேர்ப்பொருள், நெருக்கடி அல்ல. கணினிப் பாடத்தில் குமிழி வரிசையாக்கம் வேறு இருக்கிறது.

புதிதாக இணைந்த இ.:

'பபிள்' என்றே எழுதினால் என்ன? வடசொல்லையே 'எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே' என்று தொல்காப்பியம் ஏற்றது. ஆடுபவர்கள் வேறெதுவும் சொல்வதில்லை. ஒரு கேள்வியும் உண்டு: 'வேண்டற்க வென்றிடினும் சூதினை' என்று படித்த பிள்ளைகளுக்கு இந்த எடுத்துக்காட்டு எதற்கு?

ம.:

தம்பி, புதிரில் 50, 30, 20 டாலரைப் புள்ளிகளாக மாற்றினாலும் 65.2 மாறாது. இடங்களின் வாய்ப்பைக் கணிக்கும் இந்தச் சூத்திரத்தைப் புள்ளியியலாளர் ஹார்வில் 1973-இல் குதிரைப் பந்தயத்துக்காக எழுதினார். 1987-இல் சூதாட்டக் கணக்கு நூலாசிரியர் மால்முத் அதைப் போக்கருக்குக் கொண்டுவந்தார். வெற்றி அளவுக்கு நேர்விகிதத்தில் மதிப்பு உயராது என்பதை இவ்வளவு சிறிய கணக்கில் காட்ட வேறு எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. சொல்லைப் பொறுத்தவரை, ஒலிபெயர்ப்பைவிடக் குமிழி மேல். 'உடைந்தது' என்று வினை தானாக வருகிறது.

க.:

குமிழிக்கு நான்கு பேர், வரம்புக்கு ஒருவர், ஆயவிளிம்புக்கு ஒருவர், பபிளுக்கு ஒருவர். 'குமிழிக் கட்டம்', 'குமிழி உடைதல்', 'இறுதிமேசைக் குமிழி' என்று அனுப்புகிறேன். முதலில் வருமிடத்தில் மட்டும் 'பபிள்' என்று ஒருமுறை சேர்த்திருக்கிறேன். த. சொன்ன திருத்தமும், 75 விழுக்காட்டுப் புதிரும் பயிற்சிப் பகுதியில் சேர்ந்துவிட்டன. வெளியேறுபவருக்குத் தனிச்சொல் வைக்கவில்லை, 'குமிழியில் வெளியேறியவர்' என்று நீட்டியே எழுதியிருக்கிறேன்.

ந.:

பெரும்பான்மைக்கு உடன்படுகிறேன், கருத்துக்கு அல்ல. அடுத்த பதிப்புக்கு 'விளிம்பர்' என்ற சொல்லைக் குறித்து வையுங்கள்.

சி.:

ஐயா, 'விளிம்பர்' நல்லாயிருக்கு. ஆயம் இல்லாமல் அதை மட்டும் எடுக்கலாம்தானே?