"எத்தனை மாசம்?" – குழந்தைக்குத் தயாராகும்போது உங்களுக்கு நடந்தது என்ன?

காரைக்குடி மருமகள்:
ஃபோலிக் ஆசிட் மாத்திரை வாங்கத்தான் போனேன். மெடிக்கல்காரர் சீட்டைப் பார்த்துவிட்டுக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "எத்தனை மாசம்மா?" என்றார். "இன்னும் இல்லைங்க" என்றேன். அந்த 'இன்னும்'தான் வினை. பின்னால் இருமல் மருந்துக்கு நின்ற பக்கத்து வீட்டு அக்கா எனக்கு முன்னால் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். வாசலில் மாமியார், முகமெல்லாம் வெளிச்சம். "ஏம்மா, எங்கிட்ட சொல்லவே இல்ல?" நான் விஷயத்தைச் சொன்னதும் அந்த முகம் அணைந்தது. மகனுக்கு இப்போது 2 வயது. இன்னும் அது கண்ணிலேயே நிற்கிறது.

பாலா:
ஒன்றரை வருடமாக ஸ்கேன், ரத்தம் எல்லாம் மனைவிக்கு மட்டும். கடைசியில்தான் என்னை விந்தணு டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். சாம்பிளை வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேப்புக்கு வர வேண்டும், குளிரவும் விடக்கூடாது. டப்பாவைச் சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டிப் பிடித்தபடி பைக்கில் போனால், ரயில்வே கேட் போட்டுவிட்டான். கூட்ஸ் வண்டி. நான் பெட்டிகளை எண்ண, பக்கத்து ஸ்கூட்டர் பெரியவர், "வயித்து வலியா தம்பி?" என்றார்.

சேலம் செல்வி:
மருமகள், வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே சொல்லியிருந்தால் இந்த வம்பே இல்லை. நானெல்லாம் நாள் தள்ளி, ஆறாவது வாரத்தில்தான் மாத்திரையே தொடங்கினேன். கரு உருவான 28 நாளுக்குள், மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழாய் மூடிவிடும், மாத்திரை அதற்கு முன்பே வேண்டும் என்று அன்றுதான் தெரியும். ஐந்தாம் மாத ஸ்கேன் வரை தூக்கமில்லை.

அதனால் சொல்கிறேன், ஒரு மாதம் முன்பாவது தொடங்குங்கள். பொதுவாக தினம் 400 மைக்ரோகிராம் போதும். கடையில் 5 மில்லிகிராமும் கிடைக்கிறது, அது யாருக்கு என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். தைராய்டு, சர்க்கரை பாருங்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தாமல் முதலிலேயே டாக்டரிடம் பேசுங்கள், சில மாத்திரைகளை மாற்ற வேண்டியிருக்கும். ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தடுப்பூசி போடாதவர்கள் இப்போதே போடுங்கள், கர்ப்பத்தில் போட மாட்டார்கள். போட்டபின் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். அப்புறம் பாலா, சிகரெட் உண்டா? விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் ஆகும், முன்னாலேயே விடணும்.

தேன்மொழி:
செல்வி அக்கா, அனுபவம் கேட்டால் பாடமா எடுப்பீர்கள்? பெரியவர்களிடம் சொன்ன லட்சணத்தை நான் சொல்கிறேன். அந்த ருபெல்லா ஊசி பற்றி மாமியாரிடம் சொன்னேன். தினசரி காலண்டரில் முப்பதாவது நாள் தாளை மடித்து வைத்தார். அதற்குப் பிறகு மாதாமாதம் கொடியில் என்ன துணி காய்கிறது என்று பார்க்க மாடிக்கு வந்துவிடுவார், முழங்கால் வலியோடு.

பாலா, சாம்பிள் போய்ச் சேர்ந்ததா?

பாலா:
52 நிமிடம். கவுன்டரில் இருந்த பெண் டப்பாவை வாங்கிக்கொண்டு, பேஷண்ட் பெயர் என்ற இடத்தில் என் மனைவி பெயரை எழுதினார்.