ஐயம் உள்ளவரோடு ஒரே பந்தியா? 1947 ஐக்கியம் குறித்து

ஒலிவமரம்:
ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் ஒன்றாக இணைந்து 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்த தென்னிந்தியத் திருச்சபையை ஐக்கியத்துக்கு முன்மாதிரி என்கிறார்கள். எனக்கோ அது உடன்படாததை மூடிவைத்த ஏற்பாடாகவே படுகிறது. விசுவாசப்பிரமாணங்களின் (திருச்சபையின் பழைய நம்பிக்கை அறிக்கைகளின்) அடிப்படைச் சத்தியங்களை ஏற்கிறோம் என்றார்கள். கூடவே, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொருவரும் சம்மதிக்கத் தேவையில்லை, நியாயமான விளக்கச் சுதந்திரம் உண்டு என்றும் சேர்த்தார்கள். பேராயர் வேண்டுமாம், ஆனால் அந்தப் பணிக்கு என்ன பொருள் என்பதில் எந்தக் கருத்தும் கட்டாயமில்லையாம். நிச்சயம் இல்லாதவர்கள் எதன்மேல் ஒன்றாக நிற்பார்கள்?

தரங்கைக் கரை:
மூடிவைத்தார்கள் என்பது சரியல்ல, ஐயா. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் ஆங்கிலிக்கன் பேராயர் அசரியாவும் மற்றவர்களும் கூடியதிலிருந்து 28 வருஷம் வாதாடினார்கள். அசரியா 1945 ஜனவரியிலேயே இறந்துபோனார், ஐக்கியத்தைப் பார்க்கவில்லை.

முடிச்சு விழுந்த இடம் குருப்பட்டம். பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்யாதவர் திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை) நடத்தக்கூடாது என்பது ஆங்கிலிக்கன் நம்பிக்கை. பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல், மெதடிஸ்ட் குருமார்களுக்கோ மறுபடி பட்டம் வாங்குவது, இத்தனை நாள் நடத்திய திருவிருந்து செல்லாது என்று ஒப்புக்கொள்வதாகும். யாரையும் அப்படிச் சொல்லவைக்காமல் அவிழ்த்தார்கள்: ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் அப்படியே தொடரலாம், மறுபட்டம் கிடையாது. அன்றுமுதல் புதிதாகப் பட்டம் பெறுகிற எல்லோருக்கும் பேராயர் கைவைப்பார். இரண்டு வகைக் குருமாரும் சேர்ந்து ஊழியம் செய்ய 30 வருஷம். அதுவரை ஒரு வாக்குறுதி: மனச்சாட்சிப்படி மறுக்கிற சபைமேல் ஆராதனை முறையையோ குருவானவரையோ திணிக்கமாட்டோம்.

ரோமர் 14:1 இதுதானே? "விசுவாசத்தில் பலவீனமுள்ளவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனாலும் அவனுடைய ஐயங்களைக் குற்றமாய் நிர்ணயிக்காமலிருங்கள்."

ஒலிவமரம்:
அதே அதிகாரத்தின் 23-ஆம் வசனத்தையும் வாசியுங்கள். சமுசயத்தோடு புசிக்கிறவன் ஆக்கினைக்குள்ளாகிறான் என்கிறார் பவுல்.

லுத்தரன் சபைகள் ஏன் சேரவில்லை என்றும் யோசியுங்கள். லுத்தரன் நம்பிக்கையை எடுத்துரைக்கும் 1530-இன் அவுக்ஸ்பர்க் அறிக்கை, 7-ஆம் பிரிவு: திருச்சபையின் ஒருமைக்குச் சுவிசேஷப் போதனையிலும் சாக்கிரமெந்துகளிலும் (ஞானஸ்நானம், திருவிருந்து போன்ற திருச்சடங்குகளிலும்) உடன்பாடு இருந்தால் போதும், மனுஷர் ஏற்படுத்திய முறைமைகள் எங்கும் ஒன்றாயிருக்கத் தேவையில்லை. நீங்கள் பேராயத்துவத்துக்கு 28 வருஷம் செலவிட்டீர்கள். அப்பத்தில் கிறிஸ்துவின் சரீரம் இருக்கிறதா என்ற கேள்வி விளக்கச் சுதந்திரத்தில் கரைந்துபோயிற்று.

நடுவழி:
23-ஆம் வசனம் புசிக்கிறவனுக்கு. 1-ஆம் வசனம் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு. அந்த வாக்குறுதி இரண்டையும் காத்தது: யாருடைய பட்டத்தில் எனக்கு ஐயமோ அவர் கையிலிருந்து நான் அப்பம் வாங்கக் கட்டாயமில்லை. வாங்குகிறவனை நான் நியாயந்தீர்க்கவும் கூடாது.

ஆனால் அதில் ஓட்டையும் உண்டு. மனச்சாட்சியும் பழக்கமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். "இந்தக் குருவானவர் வேண்டாம்" என்று சபை எழுதினால், காரணம் அவர் பெற்ற பட்டமா, அவர் முன்பு சேர்ந்திருந்த மிஷனா என்று எந்தச் சட்டத்தாலும் பிரிக்க முடியாது. உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடிய 1948 லாம்பெத் மாநாட்டில் இந்தப் பட்டங்களைப் பற்றி அவர்களே ஒருமனப்படவில்லை.

தரங்கைக் கரை:
ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் சட்டத்தைவிட அந்த 30 வருஷத்தை முக்கியமாக நினைக்கிறேன். புதுப் பட்டம் எல்லாம் ஒரே வழியில் வர, பழைய கேள்வி தலைமுறையோடு சுருங்கும்.

ஒலிவமரம்:
குருப்பட்டத்துக்கு அது பொருந்தும், அதுவரை சரி. திருவிருந்துக்குப் பொருந்தாது, அந்தக் கேள்வி ஒவ்வொரு ஞாயிறும் புதிதாக வருகிறது. இரண்டு சபைகள் சேர்ந்து பந்தி நடத்துவதானால் மூன்றை முன்கூட்டி எழுதி அறிவியுங்கள்: யார் நடத்துகிறார், எந்தச் சபை ஒழுங்கின்படி, திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் தம் விசுவாசத்தைச் சபைமுன் உறுதிசெய்யும் சடங்கு) பெறாதவர் வரலாமா. பீடத்தின் முன் முழங்காலில் நிற்கிறவனிடம் போய் அதைச் சொல்லாதீர்கள்.