‘ஸ்நார்கல்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

பொள்ளாச்சியிலிருந்து, தொடக்க மடல்

அன்புடைய குழுவினருக்கு வணக்கம். டீசல் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். என் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் பழைய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப்பை, மழைக்காலத்தில் ஓடைகளைக் கடப்பதற்கு ஏற்றபடி மாணவர்களோடு சேர்ந்து மாற்றியமைக்கவிருக்கிறேன். எஞ்சினுக்குக் காற்று செல்லும் வாயைப் பானெட்டுக்குள்ளிருந்து எடுத்து, முன்கண்ணாடிச் சட்டத்தின் ஓரமாகக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோகும் குழாயைத்தான் ஸ்நார்கல் என்கிறார்கள்.

அது எதற்கென்று மாணவர்களுக்கு விளங்கவைப்பது எளிது. 2,112 சி.சி. எஞ்சினில் ஒரு சிலிண்டரின் பங்கு 528 சி.சி.; டீசல் எஞ்சின் அந்தக் காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குக்கு அமுக்குகிறது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. ஆகவே இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர் உள்ளே போனாலே பிஸ்டன் மேலேற இடமில்லாமல், அதைத் தாங்கித் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதையெல்லாம் தமிழில் எழுதி முடித்துவிட்டேன், தலைப்பில்தான் நின்றுவிட்டேன். ‘மூச்சுக்குழல்’ என்று எழுதினால், பத்தாம் வகுப்பு முடித்து வந்த பிள்ளைக்கு உயிரியல் பாடத்துத் தொண்டைக் குழாய் நினைவுக்கு வருகிறது. ‘காற்று உள்வாங்கி’ என்றால், செய்தித்தாளில் கடல் உள்வாங்குவதைப் படித்தவனுக்குக் காற்று பின்னோக்கிப் போவதாகப் படுகிறது. திங்கட்கிழமை குறிப்பை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். உதவுங்கள்.

தஞ்சையிலிருந்து

ஐயா, சொல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. யானை ஆழமான ஆற்றைக் கடக்கும்போது, தலை முழுவதும் மூழ்கினாலும் கையின் நுனியை நீருக்கு மேலே நிறுத்தி மூச்சு விடுகிறது. தாங்கள் ஜீப்புக்குச் செய்யவிருப்பது இதைத்தான். அந்தக் கைக்குப் பழந்தமிழ் ‘புழைக்கை’ என்று பெயரிட்டிருக்கிறது. புழை என்பது துளை. உள்ளே துளையுள்ள கை புழைக்கை. கையையுடைய விலங்கு ஆதலால் யானையைக் ‘கைம்மா’ என்றதும் இந்த வழியில்தான். ‘தும்பிக்கை’ என்பதும் தும்பியின் கை, அதாவது யானையின் கை என்றே பொருள்படும். ஆனால் தும்பி வண்டையும் குறிக்கும், இக்காலத்தில் தட்டானையும் குறிக்கும். இந்த மயக்கம் புழைக்கைக்கு இல்லை.

செருமானியர்களும் உடலுறுப்பிலிருந்தே இதற்குப் பெயர் எடுத்தார்கள் என்பதைக் குழுவினர் கவனிக்க வேண்டும். நீர்மூழ்கிக் கப்பல் நீருக்கு அடியில் இருந்தபடியே டீசல் எஞ்சினை ஓட்டுவதற்கு டச்சுக் கடற்படை 1930களில் உருவாக்கிய குழாயை, இரண்டாம் உலகப் போரில் செருமானியர்கள் எடுத்தாண்டு, மூக்கைக் குறிக்கும் வட்டார வழக்கால் ‘ஷ்நோர்கல்’ என்றார்கள். குறட்டையைக் குறிக்கும் சொல்லும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அவர்கள் மூக்கைத் தேடிப் போனார்கள். நமக்கோ மூக்கும் கையும் ஒன்றாகவே அமைந்த உறுப்புக்கு ஆயத்தமான சொல் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஒலிபெயர்ப்புக்குப் போவது எனக்கு உடன்பாடன்று.

யாழ்ப்பாணத்திலிருந்து

எங்கள் பாடநூல்களில் காற்றுக்கு ‘வளி’ என்றே எழுதுகிறோம். ‘வளிக்குழல்’ என்று சுருக்கமாக வைக்கலாம். காற்றை வேலை வாங்கியதைப் புறநானூற்று 66ஆம் பாடல் ‘வளி தொழில் ஆண்ட’ என்றுதான் சொல்கிறது. எஞ்சினுக்குள் நடப்பதும் அதுவே.

கோவையிலிருந்து

ஐந்து ஆண்டுகளுக்கு முன் வீட்டு வாசலில் வைத்து என் ஜீப்புக்கு இதை நானே செய்துகொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். வளிக்குழல் என்றால் ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸும் வளிக்குழல்தான், டயருக்குக் காற்றடிக்கும் குழாயும் வளிக்குழல்தான். உயரத்தைக் காட்டாத சொல் இந்தப் பொருளுக்குப் போதாது. இடையில் ஒரு நண்பர் தனிமடலில் ‘மூச்சுவாங்கி’ என்றார். மூச்சு வாங்குகிறது என்றால் நம் ஊரில் இரைக்கிறது என்று பொருள். நன்றாக ஓடும் வண்டிக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

சொல்லைவிட ஒரு சோதனையைக் குறிப்பில் தவறாமல் சேர்க்கும்படி ஆசிரியரை வேண்டுகிறேன். குழாயை மாட்டி, கிளாம்புகளை முடுக்கிய பிறகு, எஞ்சினை ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல், ஓடவிட்டு மேல்வாயை ஒரு பலகையால் இறுக மூட வேண்டும். சில நொடிகளில் எஞ்சின் திணறி நின்றுபோனால் இணைப்புகள் சரி. என்னுடையது முதல் தடவை நிற்கவே இல்லை. சத்தம் கொஞ்சம் தாழ்ந்து, ஓடிக்கொண்டே இருந்தது. காதை வைத்துத் தேடியதில், ஏர் கிளீனரின் முழங்கைபோல் வளைந்த இணைப்பில் கிளாம்புக்கு அடியில் ரப்பர் மடிந்து, நகம் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தது. காற்று நுழையும் அந்த இடுக்கு ஓடையில் மூழ்கியிருந்தால் தண்ணீரும் நுழைந்திருக்கும். மேல்வாய் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் பயன் இருந்திருக்காது. நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடும்போது இந்த எஞ்சின் அந்த ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 4,200 லிட்டர் காற்றை இழுக்கிறது. அந்த இழுப்புக்கு முன் சிறு இடுக்கு என்று எதுவும் இல்லை.

சொல்லைப் பொறுத்தவரை, பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த ஸ்நார்கலே போதும் என்பது என் கருத்து. கடைக்குப் போய்ப் புழைக்கை கேட்டால் கிடைக்காது.

பொள்ளாச்சியிலிருந்து

தஞ்சை ஐயாவின் விளக்கத்தை வகுப்பில் படித்துக் காட்டினேன். யானையின் உவமை எல்லோருக்கும் உடனே பிடித்துவிட்டது. ஆனால் ‘புழைக்கை’ என்று கரும்பலகையில் எழுதியதும், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் இரண்டு மாணவர்கள் ‘ஆற்றுக்கையா?’ என்று கேட்டார்கள். மலையாளத்தில் புழை என்றால் ஆறு. ஆலப்புழையைத் தெரிந்தவர்களுக்கு வேறு பொருள் தோன்றுவதில்லை. இந்த ஊரில் அந்தச் சொல்லை வைத்துப் பாடம் நடத்த இயலாது. கடைசி வரிசையில் இருந்த மாணவர் ஒருவர், யாரும் கேட்காமலே, ‘அப்போ தும்பிக்கைக் குழாய்னே எழுதிடலாமே சார்’ என்றார்.

தஞ்சையிலிருந்து

தும்பிக்கை என்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ‘குழாய்’ வேண்டாம். ‘குழல்’ என்று எழுதுங்கள். சந்தியும் விடுபடக் கூடாது: தும்பிக்கைக் குழல். புழைக்கை என்னும் சொல் அகராதியிலேயே தங்கிவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு என்பதையும் பதிவு செய்கிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து

கருத்துச் சொன்ன ஒன்பது பேரில் ஐவர் ‘தும்பிக்கைக் குழல்’ என்பதற்கும், இருவர் ஸ்நார்கல் என்பதற்கும், ஒருவர் வளிக்குழலுக்கும், ஒருவர் புழைக்கைக்கும் ஒப்புதல் அளித்திருக்கிறார்கள். கடையில் கேட்க வேண்டிய பெயரும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பதால், முதல் பக்கத்தில் ஒரே ஒரு முறை ‘ஸ்நார்கல் எனப்படும் தும்பிக்கைக் குழல்’ என்று எழுதி, பிறகு தமிழ்ச் சொல்லையே ஆள்கிறேன். கோவை நண்பர் சொன்ன சோதனைக்குத் தனிப் பக்கம் ஒதுக்கிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

யாழ்ப்பாணத்திலிருந்து

அச்சுக்குப் போகும் முன் இதையும் எண்ணிப் பாருங்கள். யானை தும்பிக்கையால் மூச்சு விடுவதை ஆற்றில் பார்த்தவர்கள் சிலர்தான். அது தண்ணீரை உறிஞ்சுவதைக் கோயிலிலும் தெருவிலும் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். தண்ணீரை ஒரு துளியும் இழுக்கக் கூடாத குழாய்க்குத் தண்ணீரை இழுக்கும் உறுப்பின் பெயரை வைக்கிறீர்கள். என் வாக்கு இன்னும் வளிக்குழலுக்கே.