மார்கழிச் செலவுக்குள் அடங்கும், குப்பையாகாத பரிசுகள்: ஆலோசனை தேவை

பரந்தன் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நத்தாரும் ஆங்கிலப் புத்தாண்டும் தைப்பொங்கலும் மூன்று வாரங்களுக்குள் அடுத்தடுத்து வருவது நாம் அறிந்ததே. எங்கள் வீட்டின் முதன்மை வருமானம் வேளாண்மை என்பதால், உழவுக்கும் விதைநெல்லுக்கும் பசளைக்கும் கொடுத்த காசு முழுவதும் காலபோகப் (மாரிகால) பயிராக வயலில் நிற்கும் வேளையில்தான் இந்தப் பண்டிகைகள் வாசலுக்கு வருகின்றன. அறுவடை முடிந்து கையில் பணம் புழங்க மாசி ஆகிவிடும். முன்பள்ளியில் எனக்குக் கிடைக்கும் கொடுப்பனவிலிருந்து பரிசுகளுக்கென ஆறாயிரம் ரூபாவை மட்டுமே ஒதுக்க முடிந்திருக்கிறது.

கொடுக்க வேண்டியவர்கள் பதினொரு பேர். முல்லைத்தீவில் நத்தார் கொண்டாடும் என் கணவரின் தமக்கை குடும்பத்தில் நால்வர், வவுனியாவில் என் அம்மா, அயல்வீட்டார் இருவர், உடன் கற்பிக்கும் ஆசிரியைகள் நால்வர்.

கடந்த ஆண்டு பளபளக்கும் தாளில் சுற்றிய பிளாஸ்ரிக் பூச்சாடிகளும் மின்கலத்தில் ஓடும் விளையாட்டுப் பொருள்களும் வாங்கிக் கொடுத்தேன். தைமாதக் கடைசியில் அயல்வீட்டுக்குப் போனபோது, அந்தத் தாளும் உடைந்த சாடியும் கிணற்றடிக்கு அப்பால் உள்ள குப்பைக் கிடங்கில் அரைகுறையாக எரிந்து கிடந்ததைக் கண்டேன். எங்கள் பக்கத்தில் குப்பை எடுக்க வண்டி வருவதில்லை, ஆகையால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொடுத்தவள் நான்தானே. இம்முறை அப்படி ஆகாத பொருளாகக் கொடுக்க விரும்புகிறேன். ஆனால் வீட்டில் செய்ததைக் கொடுத்தால் "கைச்சுருக்கம்" என்று சொல்வார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது. உங்கள் அனுபவத்தை அறியத் தாருங்கள்.

முள்ளியவளை அக்கா எழுதியது:

தங்கச்சி, முதலில் உங்கள் கணக்கைச் சற்று மாற்றிப் பாருங்கள். பதினொரு பேருக்கு என்று பிரித்தால் ஆளுக்கு ஐந்நூற்றைம்பது ரூபா கூட வராது. அந்தத் தொகைக்குக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் நீங்கள் கிடங்கில் கண்ட சாமான்தான். முல்லைத்தீவுக் குடும்பத்துக்கு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுங்கள். ஆசிரியைகள் நால்வரும் நீங்களும் பெயர்களைத் துண்டில் எழுதிக் குலுக்கி, ஒருவர் ஒருவருக்கு மட்டும் கொடுப்பதாக முடிவு செய்யுங்கள். எங்கள் வேலைத்தலத்தில் இதை நான் முன்மொழிந்தபோது, எல்லோரும் அதே பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தது தெரிந்தது.

பொருளைப் பொறுத்தவரை பனையோலையைத்தான் சொல்வேன், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். மாரியில் ஓலை ஈரத்தை இழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். வெளுப்பாகவும் உலர்ந்தும் இருக்கிறதா என்று பார்த்து, மூக்கருகே பிடித்து மணந்து பார்த்து வாங்குங்கள். கொடுக்கும் நாள்வரை பொலித்தீன் பைக்குள் கட்டி வைக்காமல் அடுப்பங்கரைப் பக்கமாகத் தொங்கவிடுங்கள். பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி வாங்குவதாயின் சாயம் போடாத ஓலையில் இழைத்ததையே கேளுங்கள், ஏனெனில் ஆவி படும்போது சாயம் கசிந்து பிட்டில் ஏறிவிடும். சாயமிட்ட அழகான பெட்டிகள் நூல், ஊசி, தோடு போன்றவற்றை வைக்கப் போதும். 1978 இல் தொடங்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையம் ஒன்றில் விலையை ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு ஊரில் இழைக்கும் பெண்களிடம் நேரே வாங்குங்கள். அவர்களிடம் பேரம் பேசாதீர்கள். ஓலையை வெட்டுவித்து, காயவைத்து, வார்ந்து, இழைத்து முடிக்கும் வேலைக்கு அவர்கள் கேட்பது ஒருபோதும் அதிகமில்லை.

வெறும் பெட்டியாகக் கொடுத்தால்தான் நீங்கள் அஞ்சும் பேச்சு வரும். அதற்குள் ஓலைக்குட்டானில் வார்த்த பனங்கட்டி இரண்டும், நீங்கள் திரித்த மிளகாய்த்தூள் ஒரு போத்தலும் வைத்துக் கொடுத்தால், பெட்டியின் விலையை எவரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

அக்கராயன் விவசாயி எழுதியது:

மேலே சொன்னதில் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான். இருந்தாலும் "சூழலுக்கு உகந்தது" என்ற ஒட்டுத்தாளுடன் இப்போது விற்கப்படும் மூங்கில் பல்துலக்கி, புதுப் பருத்திப் பை முதலியவற்றை நம்பிக் காசைச் செலவழிக்க வேண்டாம் என்று எச்சரிக்க விரும்புகிறேன். பருத்தி அதிக நீர் குடிக்கும் பயிர். வீட்டில் பழைய நூல்சேலை இருக்கும்போது புதுத்துணிப் பை வாங்குவதில் என்ன சிக்கனம் இருக்கிறது? சேலையின் முந்தானைப் பக்கம் பெரும்பாலும் தேயாமல் இருக்கும்; அதிலிருந்து மூன்று பைகள் தைக்கலாம், பையே பொதிசுற்றும் தாளின் வேலையையும் செய்துவிடும். 2017 இல் பொலித்தீன் உணவுத்தாள் தடைசெய்யப்பட்டபோது எங்களிற் சிலர் வாழையிலைக்குத் திரும்பினோம். பரிசுப் பொதிக்கு மட்டும் ஏன் இன்னமும் பளபளப்பைத் தேடுகிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

நான் ஆண்டுதோறும் கொடுப்பது கன்றுகள். இதில் நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். முதல் ஆண்டில் பத்து வீடுகளுக்கு முருங்கைத் தடி வெட்டிக் கொடுத்தேன். மார்கழி மழையில் நீர் தேங்கிய காணிகளில் ஏழு தடிகள் அடியிலிருந்து அழுகிப்போயின. முருங்கைக்கு நீர் வடியும் மேட்டுநிலம் வேண்டும், இல்லையேல் மழை ஓய்ந்தபின் நட வேண்டும். இப்போது தாய்மரத்தின் வேரிலிருந்து முளைக்கும் கறிவேப்பிலைக் கன்றுகளைப் புரட்டாதியிலேயே கிளப்பி, உடைந்த சட்டிகளிலும் சிரட்டைகளிலும் வேரூன்ற விட்டுக் கொடுக்கிறேன். செலவு எதுவும் இல்லை. ஆனால் மாரி மழை தைக்குப் பின் குறைந்துவிடும், பங்குனி முதல் வெயில் காய்ச்சும். எனவே கிணற்றடியிலோ குளிக்கும் நீர் ஓடும் வாய்க்கால் ஓரத்திலோ நடுமாறு சொல்லிக் கொடுங்கள். நட இடமில்லாத வாடகை வீட்டாருக்குக் கன்று கொடுப்பது அவர்களுக்குச் சுமை கொடுப்பதுதான்.

மல்லாவி வாசகர் எழுதியது:

ஒரு சிறு குறிப்பு. பழைய யாம் போத்தல்களில் ஊறுகாய் கொடுப்பதாயின் உலோக மூடியைத் தவிருங்கள்; உப்பும் புளிப்பும் பட்டால் மூடி துருப்பிடிக்கும். மிளகாய்த்தூளுக்கு அந்த மூடி போதும், ஆனால் போத்தலைக் கொதிநீரில் கழுவியபின் முற்றாக உலர்த்த வேண்டும். முறுக்கு இந்தக் காலத்தில் வேண்டவே வேண்டாம். ஈரக்காற்றில் இரண்டு நாளில் நமுத்துப்போய், உங்கள் கைப்பக்குவத்தைத்தான் குறை சொல்வார்கள். எள்ளுருண்டை தாங்கும்.

பரந்தன் வாசகி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. குலுக்கல் யோசனையை இன்று முன்பள்ளியில் சொன்னேன். நான் வாய் திறக்குமுன் காத்திருந்தவர்கள் போல நால்வரும் ஒப்புக்கொண்டார்கள். முல்லைத்தீவுக்குச் சாயமில்லாத நீத்துப்பெட்டியும், மூடியுள்ள ஓலைப்பெட்டியில் எள்ளுருண்டையும் பனங்கட்டியும் எடுத்துச் செல்லத் தீர்மானித்திருக்கிறேன். அங்குள்ள இரண்டு பிள்ளைகளை நினைத்தால்தான் சிறிது கலக்கமாக இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பனங்கட்டி பரிசாகத் தோன்றுமா?

அயலவர் இருவருக்கும் கறிவேப்பிலைக் கன்று. அதில் ஒருவர் வாடகைக்கு இருப்பவர் என்பதை அக்கராயன் ஐயா சொன்ன பிறகே நினைத்தேன், அவருக்கு மிளகாய்த்தூள் கொடுப்பேன்.

முள்ளியவளை அக்கா எழுதியது:

தோன்றாது, தங்கச்சி. பிள்ளைகளிடம் நாங்கள் பெரியவர்களின் கொள்கையைத் திணிக்கக் கூடாது. மிச்சப்படும் காசில் இருவருக்கும் நல்ல வர்ணப் பென்சில் பெட்டி ஒவ்வொன்று வாங்குங்கள்; கடைசித் துண்டுவரை தேயும் பொருள், கிடங்குக்குப் போக அதிகம் மிஞ்சாது. என் மருமகனுக்கு ஒருமுறை பழைய சைக்கிள் மணியைத் துலக்கி எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். பொதி பிரித்த நாளிலிருந்து ஒரு கிழமைக்கு எங்கள் ஒழுங்கையில் எவருக்கும் நித்திரை இல்லை. அம்மாவுக்கு என்ன என்று நீங்கள் எழுதவேயில்லையே?

பரந்தன் வாசகி எழுதியது:

அம்மாவுக்கு வெற்றிலை வைக்க ஒரு கொட்டப்பெட்டி, அக்கா. அவரிடம் இருந்தது இடப்பெயர்வில் தொலைந்தது; அதன்பிறகு யோகட் கோப்பை ஒன்றில்தான் பாக்கை வைத்துக்கொள்கிறார். வவுனியாவுக்குப் போகும் வழியில் பேருந்து முறிகண்டியில் நிற்கும்போது, பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கச்சானும் வாங்கிக்கொள்வேன். கடைக்காரர் பொலித்தீன் பையை எடுக்குமுன் சேலைத்துணிப் பையை நீட்ட வேண்டும், அவ்வளவுதான். முள்ளியவளையில் கொட்டப்பெட்டி இழைப்பவர் எவரையேனும் உங்களுக்குத் தெரியுமாயின், நத்தாருக்கு வரும்போது நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.