சில்க் போர்டு நெரிசல்ல சான்ட்ரோ சூடாகுது, ஹெட் இறக்கணும்னு சொல்றாங்க. நிஜமாவே தேவையா?

கே.ஆர்.புரம் வாசி:

வண்டி 2011 சான்ட்ரோ ஜிங், பெட்ரோல். ரெண்டாவது ஓனர் நான். ஓடினது 1,18,000 கிலோமீட்டர். தினமும் கே.ஆர்.புரத்துல இருந்து அவுட்டர் ரிங் ரோடு வழியா எலக்ட்ரானிக் சிட்டி.

மாரத்தஹள்ளி தாண்டுற வரைக்கும் ஒரு தொல்லையும் இல்ல. இப்லூர்ல இருந்து ஊர்ந்து ஊர்ந்து சில்க் போர்டு வர்றதுக்குள்ள டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி சிவப்பை நெருங்கிடுது. ஏசியை அணைச்சா கொஞ்சம் தணியுது, திரும்ப ஏறுது. ஓசூர் ரோடு மேல்பாலம் ஏறி 60ல போக ஆரம்பிச்சதும் தானா இறங்கிடுது.

வீட்டுப் பக்கத்து கேரேஜ்ல காட்டினேன். ஏசியைப் போட்டு "பாருங்க, ஃபேன் ஓடுது, தண்ணியும் இருக்கு, அப்போ ஹெட் கேஸ்கெட் (இன்ஜினோட மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில இருக்கிற சீல்) தான்"னாங்க. ஆயில் மூடியைக் கழட்டி உள்பக்கம் வெள்ளையா பசை மாதிரி ஒட்டியிருந்ததையும் காட்டினாங்க. ஹெட் இறக்கி ஃபேஸிங் போட (அடிப்பக்கத்தைத் தட்டையா சீவ) 19,000 ஆகுமாம். பசங்களுக்கு இப்பதான் ஸ்கூல் ஃபீஸ் கட்டினேன். இந்த மாசம் 5,000க்கு மேல என்னால முடியாது. பதினஞ்சு வருஷம் முடியப்போகுது, எஃப்சி (ஆர்சி புதுப்பிக்கிற தகுதிச் சோதனை) செலவும் காத்திருக்கு. என்ன பண்ணலாம்?

டீசல் வாசம்:

தெர்மோஸ்டாட்டைக் கழட்டித் தூக்கிப் போடுங்க பிரதர். என் பழைய வண்டியில அப்படித்தான் ஓட்டினேன். செலவே இல்ல.

எட்டாம் நம்பர் ஸ்பேனர்:

டீசல் வாசம், அதைச் சொல்லாதீங்க. தெர்மோஸ்டாட் சுமார் 82 டிகிரியில திறக்கிற கதவு. அதைக் கழட்டிட்டா இன்ஜின் காலையில சூடேறவே மாட்டேங்கும். ஈசிஎம், அதாவது இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர், இன்ஜின் இன்னும் குளிர்ல இருக்குன்னு நினைச்சு பெட்ரோலைக் கூடுதலா ஊத்தும், மைலேஜ் போகும். பெங்களூர் டிசம்பர் காலையில கேக்கவே வேண்டாம். அதோட, ஊர்ந்து போறப்ப மட்டும் சூடாகிற வண்டிக்கு அது வைத்தியமும் இல்ல.

கே.ஆர்.புரம் சார், உங்க கேள்வியிலயே பாதி பதில் இருக்கு. எப்போ சூடாகுதுன்னு பாருங்க. ஓடுறப்ப எதிர்காத்தே ரேடியேட்டரைக் குளிர வைக்கும். நிக்கிறப்ப அந்த வேலையைச் செய்ய ஃபேனைத் தவிர வேற யாரும் இல்ல. மேல்பாலத்துல முள் தானா இறங்குதுன்னா தண்ணி சுத்துது, வாட்டர் பம்ப் வேலை செய்யுது, ரேடியேட்டரும் பெருசா அடைக்கலன்னு அர்த்தம். ஹெட் கேஸ்கெட் போயிருந்தா வேகமா போறப்ப இன்னும் மோசமாகணும்.

"ஏசி போட்டு ஃபேன் ஓடுது"ன்னு காட்டினாங்கன்னு எழுதியிருக்கீங்க இல்ல, அங்கதான் சந்தேகம். சான்ட்ரோவுல ரேடியேட்டருக்குப் பின்னாடி ரெண்டு ஃபேன் பக்கத்துல பக்கத்துல இருக்கும். ஒண்ணு ரேடியேட்டருக்கு, இன்னொண்ணு ஏசி கண்டென்சருக்கு. ஏசி போட்டதும் ஏதோ ஒண்ணு சுத்தினா மேல இருந்து பாக்கிறவங்களுக்கு ரெண்டும் சுத்துற மாதிரியே தெரியும். டார்ச் அடிச்சு எது சுத்துது, எது சும்மா நிக்குதுன்னு பாருங்க. அப்புறம் ஏசியை அணைச்சுட்டு, வண்டியை நிறுத்தி இன்ஜினை ஐடில்ல ஓட விடுங்க. முள் பாதிக்கு வந்ததும் ரேடியேட்டர் ஃபேன் போட்டுக்கணும். சூடான இன்ஜின்ல ஃபேன் திடீர்னு சுத்த ஆரம்பிக்கும், சட்டைக் கையும் விரலும் பத்திரம்.

அல்சூர் அண்ணாச்சி:

அந்த வெள்ளைப் பசையைப் பாத்துப் பயப்படாதீங்க தம்பி. மூடிக்கு உள்ள மட்டும் இருந்தா பெரும்பாலும் ஈரம்தான். இந்த ஊர் மழைக்காலத்துலயும் குளிர்லயும் கொஞ்ச தூரமே ஓடுற வண்டியில அது வரும். டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பாக்கிற கம்பி) இழுத்துப் பாருங்க. ஸ்டிக்ல வர்ற ஆயிலே பால் டீ மாதிரி கலங்கி வந்தா அப்போ கவலைப்படலாம்.

இன்னும் சிலது பாத்துக்கோங்க. காலையில இன்ஜின் ஆறியிருக்கிறப்ப ரேடியேட்டர் மூடியைத் திறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. முதல்ல ரெண்டொரு குமிழி வரலாம். நிக்காம குமிழி கொப்பளிச்சுக்கிட்டே இருந்தா சிலிண்டர் கேஸ் தண்ணிக்குள்ள வருது. எங்கயும் ஒழுகாம கூலன்ட் மட்டும் குறைஞ்சுகிட்டே போகுதா, இன்ஜின் சூடான பிறகும் சைலன்சர்ல இனிப்பு வாசனையோட வெள்ளைப் புகை வருதான்னும் பாருங்க. இது எதுவும் இல்லாம ஹெட்டை இறக்க ஒத்துக்காதீங்க. பிளாக் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, ரேடியேட்டர் வாயில நீல மருந்து வெச்சுப் பாப்பாங்க, கேஸ் கலந்தா மஞ்சளாகும். அதைக் கேளுங்க. செலவு சில நூறுதான்.

சூடா இருக்கிறப்ப மட்டும் அந்த மூடியைத் தொடக்கூடாது. அது குக்கர் மூடி மாதிரி.

கே.ஆர்.புரம் வாசி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பாத்துட்டேன். ஏசி போட்டா சுத்துறது டிரைவருக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது மட்டும். இன்னொண்ணு சூடானாலும் அசையல. ஸ்டிக்ல ஆயில் கறுப்பா இருக்கு, கலங்கல் இல்ல. குமிழியும் இல்ல. ஃபியூஸ் நல்லா இருக்கு. இனி என்ன? ஃபேனை மாத்திடவா?

எட்டாம் நம்பர் ஸ்பேனர்:

அவசரப்படாதீங்க. ஃபேன் சுத்தலன்னா காரணம் மோட்டாரா இருக்கலாம், ரிலேயா இருக்கலாம், சென்சர், ஒயரிங் எதுவா வேணா இருக்கலாம். மொதல்ல ரிலே, அதாவது ஃபேனுக்குக் கரண்ட் விடுற சுவிட்ச். ஃபியூஸ் பாக்ஸ்ல அதே நம்பர், அதே பின் இருக்கிற இன்னொரு ரிலேயை மாத்திப் போட்டுப் பாருங்க, காசில்லாத டெஸ்ட். அதுக்கும் ஓடலன்னா ஃபேன் கனெக்டரைக் கழட்டி, பேட்டரியில இருந்து ஃபியூஸ் வெச்ச ரெண்டு ஒயர் நேரா மோட்டாருக்குக் குடுங்க. சுத்தினா மோட்டார் நல்லா இருக்கு, கோளாறு வேற இடத்துல. சுத்தலன்னா, கரண்ட் குடுத்துக்கிட்டே மோட்டார் முதுகுல ஸ்குரூடிரைவர் கைப்பிடியால லேசா தட்டுங்க. தட்டினதும் சுத்த ஆரம்பிச்சா கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள்ள கரண்ட் கடத்துற துண்டு) தேஞ்சிருக்கு. 14 வருஷ மோட்டாருக்கு இது ரொம்ப சகஜம்.

பிரஷ்தான்னா புது ஃபேன் வாங்காதீங்க. ஸ்டார்ட்டர், டைனமோ பாக்கிற ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட மோட்டாரைக் கழட்டிக் குடுத்தா பிரஷ் மாத்தி, புஷ்ஷுக்கு கிரீஸ் வெச்சுத் தருவாங்க. ஆர்மேச்சர் (உள்ள சுத்துற காயில்) கருகியிருந்தா மட்டும் வேற மோட்டார். அதுக்கு ஜே.சி.ரோடு போங்க, புது மோட்டார் கிடைக்கும். சிவாஜிநகர் பழைய சாமான் கடைகள்ல பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனா அங்கயே பேட்டரி வெச்சு ஓட்டிக் காட்டச் சொல்லாம காசு குடுக்காதீங்க. பழைய ஃபேன் வாங்கலாம். பழைய டைமிங் பெல்ட், பழைய பிரேக் சாமான், பழைய ஹோஸ் எந்த விலைக்கும் வாங்கக்கூடாது.

டீசல் வாசம்:

அது வரைக்கும் ஆபீஸ் எப்படிப் போவாரு? வழியில முள் ஏறினா?

அல்சூர் அண்ணாச்சி:

ஏசியை அணைச்சு, ஹீட்டரை முழு சூட்டுல வெச்சு ப்ளோயரை முழுசா போடணும். ஹீட்டர் கோரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டை வண்டிக்குள்ள இழுக்கும். சில்க் போர்டுல கண்ணாடியை இறக்கிட்டு வேர்த்துக்கிட்டே உக்காரணும், ஆனா ஹெட் பிழைக்கும். அதுக்கும் இறங்கலன்னா ஓரம் கட்டி இன்ஜினை அணைங்க. அலுமினிய ஹெட், சிவப்புல ஓட்டினா வளைஞ்சிடும். அப்போ அந்த 19,000 நிஜமாவே செலவாகும். கொதிக்கிற இன்ஜின்ல பச்சைத்தண்ணி ஊத்தவே கூடாது.

ஓட்டைன்னா மஞ்சப்பொடி போடுன்னு யாராவது வருவாங்க. வீடு வந்து சேர ஒருநாள் உதவும். அப்புறம் ஹீட்டர் கோர்ல போய் அடைச்சுக்கும். உங்களுக்கு ஓட்டையே இல்ல, வேண்டாம்.

கே.ஆர்.புரம் வாசி:

தட்டினதும் சுத்துச்சு! டின் ஃபேக்டரி பக்கம் ஒரு எலக்ட்ரீஷியன் மோட்டாரைப் பிரிச்சுக் காட்டினார், பிரஷ் ஒண்ணு நகம் அளவுக்குக்கூட இல்ல. பிரஷ், கூலி எல்லாம் சேத்து 650. நேத்து சாயங்காலம் ஏசியோட இப்லூர் நெரிசல்ல நின்னேன், முள் பாதியிலயே நின்னுது. மீதி 4,000 சொச்சம் கையில இருக்கு. வேற எதுல போட்டா வண்டி இன்னும் கொஞ்ச வருஷம் ஓடும்?

எட்டாம் நம்பர் ஸ்பேனர்:

அருமை. இப்போ மூணு விஷயம் அவசரம், மத்தது அப்புறம்.

கூலன்ட். ரேடியேட்டர்ல வெறும் தண்ணிதான் இருந்துதுன்னு நினைக்கிறேன். கே.ஆர்.புரம் பக்கம் போர்வெல் தண்ணி, உப்பு அதிகம், உள்ள சுண்ணாம்பு படியும். ஆர்ஓ மெஷின்ல வெளியேறுற தண்ணி அதைவிட மோசம். கழுவி விட்டு, கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதியா கலந்து ஊத்துங்க. ரெடிமிக்ஸ் வாங்கினா தண்ணி கலக்க வேண்டாம்.

ரேடியேட்டர் மூடி. அற்ப விலை, யாரும் மாத்துறதில்ல. பெங்களூர் கடல்மட்டத்துல இருந்து சுமார் 900 மீட்டர் உயரம், இங்க தண்ணி 97 டிகிரி பக்கத்துலயே கொதிக்கும். மூடி 0.9 பார் அழுத்தம் பிடிச்சா அது 117க்குப் பக்கம் போகும். ரப்பர் காஞ்ச மூடி அழுத்தத்தை விட்டுடும், அப்புறம் நெரிசல்ல கொதிக்கத்தான் செய்யும்.

மூணாவது டைமிங் பெல்ட், வால்வையும் பிஸ்டனையும் தாளம் தப்பாம ஓட வைக்கிற ரப்பர் பட்டை. எப்போ மாத்தினதுன்னு முதல் ஓனர்கிட்ட பில் இருக்கா? இல்லன்னா மாத்தினதா கணக்கிலயே எடுக்காதீங்க. கிலோமீட்டர் ஏறலன்னாலும் ரப்பருக்கு வயசாகும். ஓடுறப்ப அறுந்தா வால்வு பிஸ்டன்ல இடிச்சு வளையும், அன்னைக்கு ஹெட் இறக்கியே ஆகணும். பெல்ட், டென்ஷனர், கூலி எல்லாம் இந்தக் கையிருப்புல அடங்கணும். பம்பர் கீறல், சீட் கவர் எல்லாம் காத்திருக்கட்டும்.

சர்வீஸ்ல வாட்டர் வாஷ் பண்றப்ப கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல இருக்கிற புழுதியை இன்ஜின் பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா, மெதுவான தண்ணியில கழுவச் சொல்லுங்க. பிரஷர் பைப்பைக் கிட்ட வெச்சு அடிச்சா ஃபின் மடங்கிடும்.

ஜாலஹள்ளி ரிட்டயர்டு:

எஃப்சி பத்தி யாரும் சொல்லலயே. ஆர்சி முடியறதுக்கு 60 நாள் முன்னாடியே விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரல்ல இருந்து 15 வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிக்கிற கட்டணம் 5,000, முன்ன 600தான் இருந்துது. கர்நாடகா கிரீன் டேக்ஸ் தனி. தாமதமானா மாசாமாசம் அபராதம் ஏறும். இன்சூரன்ஸும் எமிஷன் சர்டிஃபிகேட்டும் நடப்புல இருக்கணும், வண்டியை நேர்ல காட்டணும். டயர், லைட், ஹாரன், வைப்பர் பாப்பாங்க. புதுப்பிச்சா அஞ்சு வருஷம். இப்பவே மாசம் ஐநூறு எடுத்து வெச்சுட்டு வாங்க. 15 வருஷ பெட்ரோல் வண்டிக்குத் தடை நம்ம ஊர்ல இல்ல, அதுவே பெரிய நிம்மதி.

ஒயிட்ஃபீல்டு வேகன்:

இதே இழையில கேட்டுக்கறேன். என் வேகன் ஆர் நெரிசல்ல நல்லா இருக்கு. கிருஷ்ணகிரி ரோட்டுல 90க்கு மேல போனா சூடாகுது. எனக்கும் ஃபேனா?

எட்டாம் நம்பர் ஸ்பேனர்:

உங்களுது நேர் எதிர். ஃபேனைத் தொடவே வேண்டாம். ரேடியேட்டர் உள்பக்கம் அடைச்சிருக்கு, இல்ல தெர்மோஸ்டாட் பாதிதான் திறக்குது, இல்ல கீழ் ஹோஸ் உறிஞ்சி ஒட்டிக்குது. ஆறின பிறகு கீழ் ஹோஸை அமுக்கிப் பாத்துட்டு, எந்த வருஷ வண்டி, கடைசியா கூலன்ட் எப்போ மாத்தினீங்கன்னு தனியா ஒரு இழை போடுங்க, பாக்கலாம்.