பழைய சப்-ஜெயிலை மாற்றத்தான் வேண்டுமா?

வாய்க்கால்பாலம்:
எங்கள் ஊர் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் வெள்ளைக்காரன் காலத்துக் கிளைச்சிறை இருக்கிறது. புதிதாகக் கட்டப்போவதாகப் பேச்சு. இரண்டடிச் சுவர் இன்னும் கல்லு மாதிரி நிற்கிறதே! 1908-ல் வ.உ.சி.யை அடைத்த பாளையங்கோட்டைச் சிறை மாதிரி இதுவும் சரித்திரம்தானே, அண்ணாச்சிமாரே? குற்றவாளிக்கு எதுக்குப் புதுக்கட்டடம் என்று அப்பா வேறு கேட்கிறார்.

ரிட்டயர்டு வார்டர்:
தம்பி, சப்-ஜெயிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ரிமாண்ட் ஆட்கள், தீர்ப்பே வராதவர்கள். அப்பாவிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

நான் கடைசியாக இருந்தது ஆற்றங்கரை ஊர் ஒன்றில். பெயர் வேண்டாம். ஆறு அறை. சாயங்காலம் அடைத்தால் காலைத் திறப்பு வரை அறை மூலையில் இடுப்புயரச் சுவர் வைத்த கக்கூஸ்தான். பின்னால் சேர்த்தது அது. ஒரு அறையில் அடைத்துக்கொண்டால் அடுத்த அறையில் பொங்கும். ஐப்பசி மழையில் பாரா நிற்கிற எனக்கே குமட்டும். உள்ளே தட்டோடு உட்கார்ந்திருப்பவனுக்கு?

2023 டிசம்பர் 17 ராத்திரி. காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அதே மழை. வெளியே போகவேண்டிய தண்ணீர் சாக்கடை வழியாகவே உள்ளே ஏறியது. சுவரைத் தொட்டால் சுரீர் என்றது, அவ்வளவு பழைய வயரிங். மெயினை அணைத்தோம். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஆறு பூட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். நாலாவது துருப்பிடித்து இறுகிவிட்டது. சமையல்கட்டிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து விட்டுத் திருகும்வரை, உள்ளே முழங்கால் தண்ணீரில் நின்ற பையன் மெதுவாக "சார், சார்" என்றுகொண்டே இருந்தான். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. தீ பிடித்திருந்தால் எண்ணெய் தேட நேரம் ஏது?

மனு பார்க்கிற இடமும், அதாவது கைதியைச் சொந்தக்காரர்கள் வந்து பார்க்கிற இடமும், அப்படித்தான். இரட்டைக் கம்பிவலை, ஒரே கூச்சல். வக்கீல் வந்தாலும் அதே வலைதான்.

காரைக்கட்டு மேஸ்திரி:
சுவர் பலம்தான், சுமை தாங்க. குழாய் பதிக்கச் சுவரில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்துப் பாருங்கள், காரை பொலபொலவென்று உதிரும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று பொரிந்து விழும். மச்சுக் கட்டைகளைக் கரையான் விட்டுவைத்திருந்தால் அதிர்ஷ்டம்.

வாய்க்கால்பாலம்:
அப்போ இடித்துவிடலாம் என்கிறீர்களா?

ரிட்டயர்டு வார்டர்:
நான் எங்கே இடிக்கச் சொன்னேன்? முகப்பையும் ஒரு அறையையும் பிள்ளைகள் பார்க்க வைத்துக்கொள்ளட்டும். ஆட்களை மேட்டுநிலத்துக்கு மாற்றட்டும். கேமரா, பெயிண்ட் எல்லாம் அப்புறம். முதலில் சாக்கடை வாட்டம், வயரிங், சட்டென்று திறக்கிற கதவு. ஆனால் ஊருக்கு வெளியே பொட்டலில் கொண்டுபோய்க் கட்டிவிடாதீர்கள். மனு பார்க்க வருகிற அம்மாமார் ரெண்டு பஸ் மாறவேண்டி வரும்.